‘புகை: ஆம்’

எங்கள் மருத்துவக் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் கேஸ் ஷீட் வந்தபோது, மாணவர்களுக்கு அதைக் கற்றுத்தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாஸ்வேர்டை மறக்காத ஒரே பேராசிரியர் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. மாணவர் நோயாளியிடம் கேட்டுக் கட்டங்களை நிரப்புவார். டியூட்டி டாக்டர் பார்த்து ஒப்புதல் தருவார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த பக்கம் திறக்காது. ஆகவே எல்லாக் கட்டங்களும் நிரம்பின.

ஒருநாள் மாலை கேஷுவாலிட்டியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். நோயாளி எபினேசர், ஆரம்பாக்கத்துக்காரர். கும்மிடிப்பூண்டியில் ஸ்டீல் தகடுகளை ஆசிட்டில் கழுவும் கம்பெனியில் வேலை. காலையில் ஓ.பி.க்கு இருமலோடு வந்து மருந்து வாங்கிப் போனவர். இப்போது உதடு நீலமாகி, வாயோரம் நுரை தள்ள, மூச்சுக்குத் தவித்தார். திரையில் காலைப் பதிவு: ‘இருமல். புகை: ஆம்.’ அதை நம்பி டியூட்டி டாக்டர் பீடிக்காரருக்கான வைத்தியத்தை ஆரம்பித்திருந்தார்.

“எத்தனை வருஷமா பீடி?” என்று அவர் மனைவி கிரேஸிடம் கேட்டேன்.

“இன்னா சார், ஆளாளுக்கு இதையே கேக்குறீங்க? பஸ்ல எவனாவது பீடி நாத்தத்தோட வந்தாலே எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுவாரு. இது கம்பெனி பொகை சார். ஆசிட் தொட்டிலேர்ந்து செங்கல் கலர்ல கிளம்பிச்சாம். காலைல அந்தப் பொண்ணாண்ட சொல்லிக்கினே இருந்தாரு.”

‘அந்தப் பொண்ணு’ இறுதியாண்டு மாணவி ஷர்மிளா. பக்கத்தில்தான் நின்றாள். “‘புகை உண்டா’ன்னு கேட்டேன் சார். ‘ஆமாம்மா, நெறைய’ன்னாரு.”

செங்கல் நிறம் என்றால் நைட்ரிக் ஆசிட். அந்தப் புகை முதலில் இருமலோடு விட்டுவிடும். சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோர்க்கும். தெரிந்திருந்தால் காலையிலேயே அட்மிட் செய்திருப்போம். வென்டிலேட்டர், ஸ்டீராய்டு எல்லாம் பார்த்தோம். மறுநாள் இறந்துபோனார்.

கிரேஸ் இழப்பீடு கேட்டு மனு போட்டார். கம்பெனி ஆள் எங்கள் கேஸ் ஷீட்டின் பிரின்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார். “ஒங்க ஆஸ்பத்திரியே புகை ஆம்னு போட்டுக்கீது. அப்பால எங்க ஆசிட்டு மேல இன்னா சார் பழி?” மிக மரியாதையாகத்தான் கேட்டார்.

கிரேஸ் ஷர்மிளாவைப் பிடித்துக்கொண்டார். “நீ போட்டதுதானே பாப்பா, நீயே அழிச்சிடு.”

அழிக்க முடியாது. ஒப்புதலானதும் பதிவு பூட்டிக்கொள்ளும். யாரும் பின்னால் திருத்தி ஏமாற்றக் கூடாது என்று செய்த ஏற்பாடு. இந்த சிஸ்டத்தின் பெருமையாக நானே வகுப்பில் அதை விளக்கியிருக்கிறேன். அடியில் திருத்தக் குறிப்பு சேர்க்கலாம். சேர்த்தோம். பிரின்ட்டில் அது கடைசிப் பக்கத்தில் வருகிறது. அதுவரை புரட்டிப் படிக்கும் அதிகாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

விசாரணை நடக்கிறது. ஷர்மிளா போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். நானும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் பிரின்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் உரக்கப் படித்தார்.

இளம் டாக்டர்களே, நோயாளி ஒரு சொல்லைச் சொன்னதும் அதற்கான கட்டத்தைத் தேடாதீர்கள். இன்னொரு கேள்வி கேளுங்கள். ‘எந்தப் புகை?’ என்று அன்று காலை யாராவது கேட்டிருந்தால் எபினேசர் விவரமாகச் சொல்லியிருப்பார். அப்போது அவருக்குப் பேச மூச்சு இருந்தது.