மௌனம் எத்தனை எம்.பி.

வேவ் என்ற ஒலிக்கோப்பு வகையில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு நிமிடம் தொண்டை கிழியப் பாடினாலும் சரி, ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, கணினியில் அது ஒரே அளவு இடத்தைத்தான் அடைக்கும். பத்து எம்.பி. என்றால் பத்து எம்.பி.தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் நான். பாடமாக இது எனக்குத் தெரியும். ஆனாலும் சும்மா இருப்பதற்கு எதற்கு இவ்வளவு இடம் என்ற கேள்வி மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த அரிப்பால்தான் ஒருமுறை என் அம்மாவுக்கும் சித்திக்கும் இடையில் மிச்சமிருந்த உறவையும் கெடுக்கப் பார்த்தேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். அம்மாவும் சித்தியும் பேசிக்கொள்ளாமல் அப்போதே இரண்டு வருடம். சித்தி கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போனவள். தன் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையை அம்மாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டாள். லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று அவளுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால் கூடப்பிறந்தவளைப் படியேறி வந்து, வெற்றிலை பாக்கு வைத்துத்தான் கூப்பிட வேண்டும். தபால்காரர் கையால் பத்திரிகை வாங்கிய அம்மா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அக்காவே வரவில்லையே என்று சித்தி முறுக்கிக்கொண்டாள். யார் முதலில் பேசுவது என்பதில் இரண்டு பேரும் கல்லாய் நின்றார்கள்.

சித்தி மகன், என் தம்பி முறை, அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவனிடமிருந்து ஒரு நாள் மெயில் வந்தது. எங்க அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு பழைய முளைப்பாரிக் கும்மிப் பாட்டை முனகிக்கொண்டே இருக்கிறாள், பெரியம்மா குரலில் அந்தப் பாட்டை ஒருமுறை கேட்டால் மனசு இளகிவிடும், அனுப்ப முடியுமா அக்கா என்று எழுதியிருந்தான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாட்டுப் போனால் பின்னாலேயே பேச்சும் போகும் என்று இருவரும் திட்டம் போட்டோம்.

அந்தப் பாட்டு நாகலாபுரம் பக்கம் அம்மா பிறந்த ஊரில் பாடுவது. அக்காளும் தங்கையும்தான் கும்மிக்கு முன்னால் நின்று பாடுவார்களாம். சின்ன வயதில் நானும் போயிருக்கிறேன், வட்டத்துக்கு வெளியே நின்று சேமியா ஐஸ் தின்பதற்கு. கைதட்டும் கொட்டுச் சத்தமும்தான் காதில் நிற்கிறதே தவிர, பாட்டில் யார் என்ன பாடினார்கள் என்று நான் கவனித்ததே இல்லை.

அம்மாவிடம் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"அவ கேட்டாளா?" என்றாள்.

"தம்பி கேட்டான்."

"அப்ப அவனுக்காவப் பாடுதேன். ஆனா தபால்ல கிபால்ல போட்டிராத. அவ செஞ்ச மாதிரி நானும் செஞ்சதா ஆயிரும்."

இந்த ஒரு வார்த்தையில் சி.டி.யும் கூரியரும் அடிபட்டுப்போயின. சி.டி.யில் எழுதி அனுப்பியிருந்தால் வேவ் கோப்பை அப்படியே அனுப்பியிருக்கலாம். இனி மெயில்தான். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. பிளாப்பியில் போட்டு பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பிளாப்பி கொள்வது ஒன்றரை எம்.பி.கூட இல்லை.

தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள் ஹாரன் அடிக்காத ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாகப் பார்த்து, சன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அம்மாவை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வரி பாடினாள். மழை மேகம் எந்த ஊருக்குப் போயிற்று என்று கேட்கிற வரிகள். அப்புறம் நிறுத்திவிட்டாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த இரண்டு வரி. மறுபடியும் நிறுத்தம். பாட்டு முழுக்க இப்படியே.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, ஒவ்வொரு வரிக்கும் யோசிக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டால் வருத்தப்படுவாள் என்று கேட்கவும் இல்லை.

ஆறு நிமிடப் பாட்டு வேவ் கோப்பாக அறுபது எம்.பி. வந்தது. எம்பித்ரீயாக மாற்ற உட்கார்ந்தேன். காது கவனிக்காததையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வதுதான் எம்பித்ரீயின் தந்திரம். எந்த ஊர்க் காதை வைத்து இதை முடிவு செய்தார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அதனால் வெவ்வேறு தரத்தில் மாற்றி மாற்றிக் கேட்டுப்பார்த்தேன். அறுபத்துநாலு என்ற தரத்தில் அம்மா அம்மாவாகவே பாடினாள். வரி முடிவில் மூச்சு இழைவதுகூடக் கேட்டது. ஆனால் பிளாப்பியில் ஏறவில்லை, சரியாக இரண்டு மடங்கு இருந்தது. தரத்தைப் பாதியாக்கி முப்பத்திரண்டில் வைத்தால் ஏறியது. குரல்தான் தகரக் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் திரையில் ஓடிய ஒலிக்கோட்டைப் பார்த்தேன். பாடிய இடமெல்லாம் கொத்துக் கொத்தாக இருந்தது. நடுவில் வெறும் நேர்கோடு. அந்த நேர்கோடுகளைக் கூட்டிப் பார்த்தால் பாட்டில் கிட்டத்தட்டப் பாதி. வெட்டினேன். மூன்று நிமிடப் பாட்டு நல்ல தரத்திலேயே பிளாப்பியில் பொருந்தி உட்கார்ந்தது. அம்மா தடுமாறியதும் சித்திக்குத் தெரியாது. ஒரே கத்தரியில் இரண்டு காரியம் முடித்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, இடம் அடைக்கிறதே என்று அறுபது எம்.பி. வேவையும் அழித்துவிட்டுப் போய் அனுப்பினேன்.

இரண்டாம் நாள் தம்பி போன் செய்தான். பாட்டைக் கேட்கும்போது சித்தி பாதியிலேயே எழுந்து போய்விட்டாளாம்.

"நான் இல்லாமலே பாடி முடிச்சிட்டாளாக்கும்னு சொல்லி அழுதாவ அக்கா. இனிமே பெரியம்மா பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாவ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறைக்கவும் துணிச்சல் இல்லை. அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, அனுப்பிய பாட்டைப் போட்டுக் காட்டினேன். மழை எந்த ஊருக்குப் போச்சு, ஏன் போச்சு, எப்போ வரும் என்று போலீஸ் ஸ்டேஷனில் விசாரிக்கிற மாதிரி அம்மாவின் கேள்விகள் மூச்சுவிடாமல் வந்து விழுந்தன. அம்மா முடிகிறவரை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல அவ எங்கன?"

அன்றைக்குத்தான் தெரிந்தது, அது எசப்பாட்டு. அக்கா கேட்பாள், தங்கை பதில் சொல்வாள். ஓட்டப்பிடாரத்தில் பெய்தது, புதியம்புத்தூரில் பெய்தது, நம்மூரை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவது சித்தியின் பங்கு. இரண்டு வருடம் பேசாதவள், தங்கை பாட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, அவள் பாடி முடிக்கிற நேரம்வரை சரியாகக் காத்திருந்து, அப்புறம்தான் தன் அடுத்த வரியை எடுத்திருக்கிறாள். மறதி என்று நான் பரிதாபப்பட்டது அதைப் பார்த்துத்தான். எனக்கு அவமானமாக இருந்தது. நாலு பேருக்குப் பாடம் எடுக்கிறவள், பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"இன்னொரு தடவ பாடுதியாம்மா?"

"ஒரு தடவ பாடுனதே பெருசு," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வேவை அழித்தது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய், அழித்த கோப்புகள் போய்க் கிடக்கிற ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். காலி செய்ய மறந்திருந்தேன். வகுப்பில் பிள்ளைகளைத் தினம் திட்டுகிற அந்தச் சோம்பேறித்தனம்தான் என்னைக் காப்பாற்றியது. இந்த முறை ஒரு விநாடிகூட வெட்டவில்லை. முழு ஆறு நிமிடத்தையும் தகரக் குடத் தரத்திலேயே பிளாப்பியில் ஏற்றினேன். வெட்டியது நான்தான், பெரியம்மா இல்லை என்று மெயிலில் தனியாக எழுதினேன்.

ஒரு வாரம் பதில் இல்லை. தினமும் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஏமாந்து திரும்பினேன். எட்டாம் நாள், பிளாப்பியில் ஏறுகிற அளவுக்குச் சுருக்கி ஒரு கோப்பு வந்திருந்தது. சித்தி ஹெட்போனில் அம்மாவைக் கேட்டபடி தன் பங்கை மட்டும் பாடியிருந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு கோப்புகளையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். அம்மாவின் நேர்கோடு இருந்த இடத்திலெல்லாம் சித்தியின் கொத்து. சித்தி சும்மா இருந்த இடத்தில் அம்மா.

அம்மாவைக் கூப்பிட்டு, சேர்த்து ஓடவிட்டேன். இரண்டு மூன்று இடங்களில் அம்மா முடிப்பதற்கு முன்பே சித்தி ஆரம்பித்துவிட்டாள். அரை விநாடி தள்ளி வைத்துச் சரிசெய்துவிடலாம் என்றேன்.

"விடு. அவ எப்பவும் முந்துவா," என்றாள் அம்மா. அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது.

சித்தியின் கடைசி வரியும் முடிந்தது. ஆனால் கோப்பு முடியவில்லை. முக்கால் நிமிடம் வெறும் நேர்கோடாக ஓடியது. நிறுத்தப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். முழுவதையும் அசையாமல் கேட்டாள். ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்து வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்துவிட்டதாகத் தம்பி பின்னால் என்னிடம் சொன்னான். அதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

"எனக்கு எடம் விட்டிருக்கா," என்றாள் அம்மா.

நான் அவசரமாக மைக்கைச் சொருகப் போனேன்.

"அது எதுக்கு? போனைப் போடு."