வாரத்துக்குக் கால் சுற்று

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் நின்றுகொண்டேதான் டீ குடிப்பார். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். வீட்டில் நாலு நாற்காலி இருந்தாலும் சுவரில் தோளைச் சாய்த்து, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். செய்தித்தாள் படிப்பதும் அப்படித்தான். வருகிறவர்கள், "என்ன சுறுசுறுப்பு!" என்பார்கள். உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் தலை தொங்கிவிடும் என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மாமா லேத் வேலைக்காரர். தண்ணீர்ப் பம்புகளுக்குத் தண்டு கடைந்து கொடுக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக ஒரே மெஷினில் நிற்கிறார். தண்டின் பருமன் ஒரு தலைமுடி அளவு கூடியிருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். எனக்கு அவர் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். "இன்னைக்கு எத்தனை வார்த்தை பேசுச்சு? ஒரு கை விரல் போதுமா?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய குறட்டைக்குப் பயந்து அக்கா முன்னறையில்தான் படுப்பாள். "அது குறட்டை இல்லடி, லோடு லாரி மேடேறுது. பாதி மேட்டுல எஞ்சின் நின்னுடும். நான் பதறிப்போய் எழுந்து உட்காருவேன். அப்புறம் ஒரு உறுமு உறுமிட்டு மறுபடி கிளம்பும்" என்று சிரித்தபடி சொல்வாள். நாங்களும் சிரிப்போம். நன்றாக அசந்து தூங்குகிற மனிதர் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஒருநாள் பட்டறையில் நின்றபடியே கண் செருகிவிட்டது. சட்டைக் கை சுழலும் தண்டில் சிக்கிக் கிழிந்தது. பக்கத்து மெஷின்காரர் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியதால் சட்டையோடு போயிற்று. மறுநாளே ஃபோர்மேன் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்.

"மூணு மாசம் டைம் தர்றேன். என்ன ஏதுன்னு பார்த்து டாக்டர் லெட்டரோட வாங்க. இல்லேன்னா அந்த மெஷின் வேற ஆளுக்கு. உங்க கையை நான் பொறுக்கி எடுக்க முடியாது."

தான் கடைந்த தண்டுகளுக்கே காகிதம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்த மாமா அன்று என்னைக் கேலி செய்யவில்லை.

அதே வாரம் அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் உடைந்தது. நான் பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி அடுக்குகிற வேலை செய்கிறேன். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வதும் நான்தான். எங்கள் டாக்டரிடமே அழைத்துப் போனேன். உடைந்த பல்லைப் பார்த்த டாக்டர் அதோடு விடவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"பல்லெல்லாம் அரைஞ்சு தேஞ்சிருக்கு. நாக்கு ஓரத்துல பல் பதிஞ்ச தடம். தொண்டையும் குறுகல். குறட்டை விடுவீங்களா?"

"லேசா, டாக்டரம்மா."

டாக்டர் பேசும்போது நான் நடுவில் பேசியதே இல்லை. அன்று பேசினேன். "லேசா இல்ல டாக்டர். மூச்சு நின்னு நின்னு வரும். அக்கா பயந்து எழுந்து உட்காருவா."

மாமா வாயில் பஞ்சோடு, "ஊமைக்கோட்டானா பேசுது?" என்றார்.

"அந்தக் கோட்டான் சொல்றதுதான் எனக்கு வேணும்" என்றார் டாக்டர். "ஆனா இதை நான் முடிவு பண்ணக்கூடாது. தூக்கத்துக்குன்னு டாக்டர் இருக்காங்க, அவங்க டெஸ்ட் எடுக்கணும்."

விரலில் ஒரு கிளிப், மார்பில் ஒரு பட்டையோடு மாமா ஓர் இரவு தூங்கினார். மணிக்கு இருபத்து மூன்று முறை மூச்சு அடைபடுகிறது, அதனால்தான் பகலில் கண் செருகுகிறது என்று வந்தது. முதலில் காற்றுத் தள்ளும் மெஷினும் முகமூடியும் கொடுத்தார்கள். தினமும் காலையில் முகமூடி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். யார் கழற்றியது என்று அவருக்கே தெரியாது. எத்தனை அளவு மாற்றியும் ஒத்துவரவில்லை. இவருக்கு வாய்க்கருவி பொருந்தும் என்று தூக்க மருத்துவர் எங்கள் டாக்டருக்குக் கடிதம் எழுதினார்.

மல்லாந்து படுக்கும்போது கீழ்த்தாடையும் நாக்கும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கின்றன. மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் மாட்டும் இந்தக் கருவி கீழ்த்தாடையைச் சற்று முன்னால் நிறுத்தி வைக்கும். இரண்டு பக்கமும் கடுகளவு திருகாணி.

"வாரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு பக்கமும் கால் சுற்று. அதுக்கு மேல தொடவே கூடாது" என்றார் டாக்டர்.

லேத்காரரிடம் திருகாணியைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? வெளிச்சத்தில் பிடித்து, "நல்ல மரை. சுத்தமா வெட்டியிருக்கான்" என்றார்.

நாலாம் நாள் மருத்துவமனைக் கதவைத் திறக்கும் முன்பே கன்னத்தைப் பிடித்தபடி வாசலில் நின்றார். வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை.

"எவ்வளவு திருப்பினீங்க?"

"பக்கத்துக்கு ரெண்டு சுத்து."

"ரெண்டா!"

"கெடு முடிய அஞ்சு வாரம்தான் இருக்கு டாக்டரம்மா. நீங்க சொன்ன கணக்குல எட்டு வாரம் ஆகும். மரையை அளந்தேன், எங்க போய் நிக்கணும்னு தெரிஞ்சுது. நேரா அங்கயே கொண்டுபோய் நிறுத்திட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. "ஒரு தண்டுல எட்டு மில்லி எடுக்கணும்னா ஒரே வெட்டுலயா எடுப்பீங்க?"

"எடுத்தா டூல் தெறிச்சுடும். கொஞ்சம் கொஞ்சமா..." என்று தொடங்கிய மாமா நிறுத்திக்கொண்டார்.

"உங்க தாடை மூட்டு இரும்பு கூட இல்ல."

திருகாணிகள் பழைய இடத்துக்குப் போயின. ஒரு வாரம் ஓய்வு, வெந்நீர் ஒத்தடம். கெடுவை நீட்டச் சொல்லி மாமாவே ஃபோர்மேனிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஃபோர்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "மரை வெட்டுறவனுக்கே மரை கழண்டுடுச்சா? சரி, அந்த மூணு மாசத்தோட இன்னும் ஒன்றரை மாசம். அதுக்கு மேல கேக்காதீங்க."

பிறகு மாமா ஒரு திருப்பத்துக்கு ஒரு கோடு என்று சுவர் நாட்காட்டியில் ஞாயிறுதோறும் போட்டு வந்தார். ஆறாவது கோட்டுக்குப் பிறகு ஒருநாள் காலையில் அக்கா கண் சிவந்து வந்தாள். "லாரியே வரலடி. சத்தம் இல்லைன்னதும் உள்ள போய் மூக்குல கையை வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவர் தூங்கினார், நான்தான் தூங்கல."

எட்டாவது கோடு போட்டதும் கருவியை மாட்டிக்கொண்டு மறுபடி டெஸ்ட். மணிக்கு இருபத்து மூன்று, நாலாக இறங்கியிருந்தது. கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது தூக்க மருத்துவரின் கடிதம் ஃபோர்மேன் மேசைக்குப் போனது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மாமா அவருடைய மெஷினிலேயே நிற்கிறார். காலையில் அரை மணி நேரம் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகச் சேராது. அதற்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருவியோடு எங்களிடம் வருகிறார், வருடத்துக்கு ஒருமுறை தூக்க மருத்துவரிடம் போகிறார். கருவி இல்லாமல் படுத்தால் மூச்சு இப்போதும் அடைபடும். அதனால் அவர் ஒருநாளும் அது இல்லாமல் படுப்பதில்லை.