மெஷின் புதுசா?

செல்லத்தைப் போல ஓர் அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. மலேசியாவில், சிரம்பானில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. லிங்கிப் பக்க ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த முருகையாவின் மகள் அவள். தொண்ணூற்றாறில், தோட்டங்களில் ரப்பர் பால் எடையைப் பதிகிற புரோகிராம் ஒன்றை எழுதினாள். "முதல்ல எங்கப்பா ஆபீஸ்லதான் ஓடணும், ஜாஹிதா" என்று ஒற்றைக் காலில் நின்றாள். முருகையாவும் மகள் எழுதியது என்று மானேஜரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அவருடைய மானமும் அதில் சேர்ந்துகொண்டது.

எங்கள் ஆபீஸில் இருந்தவை புத்தம் புது பெண்டியம் கம்ப்யூட்டர்கள். எழுதிய புரோகிராமை ஓடும் வடிவில் கட்டித் தருகிற ஸ்கிரிப்ட், தான் ஓடும் கம்ப்யூட்டரின் சிப்பைப் பார்த்து அதற்கேற்ற கட்டளைகளைப் போட்டுவிடும். நாளைக்கு அது போய் ஓடப்போகிற இடத்தில் என்ன சிப் என்று அதற்கு என்ன தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். செல்லம் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அங்க மெஷின் பழசா, புதுசா?"

"புதுசுலா. போன மாசந்தான் லோரியில வந்து எறக்குனாங்க."

புரோகிராமைப் பெண்டியத்துக்கென்றே கட்டிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன்.

மானேஜர் வந்து உட்கார்ந்தார். புரோகிராம் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுபோனது. எத்தனை தடவை தட்டினாலும் அதே வரி. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே பழைய 386 சிப்; பெண்டியத்தின் கட்டளைகள் அதற்குப் புரியாது. மானேஜர் எழுந்து போனார். வேலை வேறு கம்பெனிக்குப் போனது.

பேச்சை மாற்ற முருகையா எங்களை ரப்பர் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். "நான் சொன்னேன்ல, இதான் புது மெஷின்." ரப்பரைத் தகடாக இழுக்கிற உருளை மெஷின். பெயிண்ட் கூட மங்கவில்லை. தோட்டத்தில் மெஷின் என்றால் அதுதான், ஆபீஸில் இருப்பது கம்ப்யூட்டர். அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது மறந்துபோயிருந்தது, பாருங்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஆமாப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

திரும்பி வந்ததும் ஸ்கிரிப்டில் சிப்பைப் பார்க்கிற அந்தப் பகுதியையே பிய்த்தெறிந்தாள். இரண்டு சிப்புக்குமான கட்டளைகளும் ஒன்றாகப் போகும். புரோகிராம் தொடங்கும்போது தன் சிப்பைத் தானே சோதித்துக்கொள்ளும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெடாஸில் ஒரு தோட்டம் அதை வாங்கியது.

"இப்பவாச்சும் உங்கப்பாகிட்ட நடந்ததச் சொல்லேண்டி" என்றேன்.

"சொன்னா, தன்னாலதான் கெட்டுச்சுன்னு மருகியே செத்துருவாரு."

அதைச் சொல்லாமல், பெடாஸுக்கு வந்து பார்க்கும்படி மட்டும் போனில் கூப்பிட்டாள்.

"வேணாம்மா. அங்கயும் நின்னுபோச்சுன்னா, இன்னொரு மானேஜர் மூஞ்சியில முழிக்க என்னால முடியாது."

பெடாஸில் அது நிற்கவில்லை. வருஷக்கணக்கில் ஓடியது. முருகையா ஒரு நாள்கூட வந்து பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். சொல்லியிருக்கலாம் என்று இப்போது அவளே சொல்கிறாள். இப்போது சொல்லி யாருக்கு?