சஷ்டி விரதம் இருந்த புழு

என் மாமா ஒருமுறை முருகனையே காத்திருக்க வைத்தவர். இதை நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அன்று மலேசியாவின் சிகாமட்டில் எங்கள் கோயிலுக்கு வந்திருந்த அத்தனை பேரும் இதற்குச் சாட்சி. அவர்களில் சிலர் இது பெருமையில்லை, கோயில் காரியத்தில் அலட்சியம் என்று இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அம்மாவும் நானும்தான். அந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தம்பி. ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய தலை, கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டு வருடம் கப்பலில் வேலை பார்த்தார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவர் இருந்தது சிறையில். கூடாத கூட்டாளிகளோடு சேர்ந்து ஓர் அடிதடியில் மாட்டிக்கொண்டவர். எங்கள் தாமான் குடியிருப்பில் இது தெரியாத ஒரே ஆள் நான். உலகப்படத்தைப் பார்த்துத் துறைமுகப் பெயர்களை மனப்பாடம் செய்து, அங்கெல்லாம் என் மாமா இறங்கியிருக்கிறார் என்று வகுப்பில் அளந்துகொண்டிருந்தேன்.

அம்மா அவருக்கு மூன்று வேளையும் சோறு போட்டார், சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஆனால் வெளியில் யாராவது, "வீட்டுல யாரு, புது ஆளா இருக்கு?" என்று கேட்டால், "சொந்தக்காரங்க" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போடுவார். கோயிலுக்கு மாமாதான் எங்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். வாசல் வருவதற்கு முன்பே அம்மா இறங்கிக்கொள்வார். பூசை முடியும் வரை மாமா சாலைக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் நிற்பார். அவர் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டபோது, வண்டிக்குக் காவல் என்றார் அம்மா. எங்கள் ஓட்டை வண்டியைத் திருடும் அளவுக்குச் சிகாமட்டில் யாருக்கும் கஷ்டம் வந்திருக்கவில்லை.

கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று காலை எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு அதிசயம் நடந்தது. காக்கை எச்சம் போல இருந்து பிறகு பச்சையாகி, செடியில் பாதியைத் தின்று தீர்த்திருந்த ஒரு புழு திடீரென்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. இலையைக் கொண்டுபோய் வாயருகே வைத்தேன், தொடவில்லை. மறுநாள் இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு குச்சியோடு குச்சியாகக் கூடாகிவிட்டது. அம்மாவும் அன்றுதான் ஆறு நாள் விரதம் தொடங்கியிருந்தார், பகலெல்லாம் வெறும் தண்ணீர், பொழுது சாய்ந்தால் ஒரு தம்ளர் பால். எனக்கு வேறு சந்தேகமே வரவில்லை. புழுவும் சஷ்டி விரதம் இருக்கிறது.

மாமாதான் தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். கூட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பாடத்தில் படித்ததையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன்.

"உள்ள என்னா செய்யிது பாப்பா?"

"புழு அப்படியே கரைஞ்சிடும் மாமா. கஞ்சி மாதிரி ஆயிரும். அதுலேர்ந்துதான் பட்டாம்பூச்சி வரும்."

"அப்ப பழைய புழு?"

"அது இருக்காது."

"வலிக்குமா?"

"அதெல்லாம் பாடத்துல இல்ல மாமா."

கப்பலில் உலகத்தையே சுற்றியவருக்கு நான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்தத் தெம்பில் சூரன் கதையையும் சேர்த்துச் சொன்னேன். யானை முகம், சிங்க முகம் என்று தலை மாற்றி மாற்றிச் சண்டை போட்ட சூரன் கடைசியில் மாமரமாகி நின்றான். வேல் அந்த மரத்தை இரண்டாகப் பிளந்ததும் ஒரு பாதி மயில், மறுபாதி சேவல். "சூரன் சாகல மாமா. முருகன் அவன் மேலதான் ஒக்காந்து போறாரு." மாமா ஊற்றிய செடிக்கே மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்.

ஐந்தாம் நாள் கோயிலில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் கோயிலில் சூரன் பொம்மையைச் சின்ன லாரியில் நிறுத்தி ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். பொம்மைக்குப் பின்னால் ஒருவர் நின்று தலைகளை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தலையும் ஒரு சாக்கு அரிசி கனம். வழக்கமாகச் செய்பவர் வண்டியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, ஊர்க்கதை எதுவும் தெரியாது. வாசலுக்கு வந்தவர், எதிரே மரத்தடியில் ஆறடிக்கு ஒரு மனிதர் சும்மா நிற்பதைப் பார்த்து, நேராகப் போய்க் கேட்டுவிட்டார். மாமாவும் தலையாட்டிவிட்டார்.

அன்று வீட்டில் அம்மா பால் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினார். "ஊரே பேசுது, நீ போயி சூரனுக்கு நிக்கிறியா? வேற வேலையே கெடைக்கலையா ஒனக்கு?"

"கூப்பிட்டாங்கக்கா. ரெண்டு வருசமா என்னை ஒன்னுக்கும் யாரும் கூப்பிடல" என்றார் மாமா.

அம்மா தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நானோ சந்தோஷத்தில் தூங்கவில்லை. வகுப்பில் யாருடைய மாமாவும் சூரனாக இருந்ததில்லை.

மறுநாள் நான் செய்த காரியத்தை யாரிடமும் சொல்லவில்லை. விரதம் ஆறாம் நாள் முடிகிறது. அம்மாவுக்கு முடிந்தால் புழுவுக்கும் முடிய வேண்டும். பட்டாம்பூச்சி வர எட்டு பத்து நாள் ஆகும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்தான். முருகனுக்கு முன்னால் ஆசிரியர் எம்மாத்திரம்? கூடு இருந்த குச்சியைப் பதமாக ஒடித்தேன். கோயில் பின்கட்டில், சூரன் மாமரமாகும் கட்டத்துக்காகத் தயாராக இருந்த மாங்கிளையின் நடுவில் அதை மஞ்சள் கயிற்றால் கட்டினேன். வேல் பட்டதும் ஊர் முன்னால் பட்டாம்பூச்சி பறக்கும். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்போது நான் எழுந்து நின்று, "அது எங்க மாமா" என்று உரக்கச் சொல்வேன். அந்த வரியைக் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

மாலை வெயில் தணிந்ததும் லாரி புறப்பட்டது. மேளமும் "வெற்றிவேல், வீரவேல்" முழக்கமும் காதை அடைத்தன. மாமா தலையில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு பொம்மைக்குப் பின்னால் நின்றார். யானைத் தலையைப் பூசணிக்காயைத் தூக்குவது போல ஒரே கையால் தூக்கி இறக்கினார். சிங்கத் தலையும் அப்படித்தான் போனது. கூட்டம் கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் கடைசி வரிசையில் என் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து புடவை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

அடுத்து மாமரம். குருக்கள் தேரின் மேல் வேலோடு தயாராக நின்றார். மாமா குனிந்து மாங்கிளையை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிளையை மறுபடி தரையில் வைத்து மண்டியிட்டார். அந்தப் பெரிய விரல்களால் மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட முடிச்சு அது. சுலபத்தில் அவிழவில்லை. மேளம் தடுமாறி நின்றது. முழக்கமும் நின்றது. நீட்டிய வேல் நீட்டியபடி இருந்தது.

கோயில் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அலமாக்! என்னா நடக்குது அங்க? வேல் நிக்கிதுய்யா! லாரி மேல யாரு? யாரு வீட்டு ஆளு அது?"

பதில் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுதான் நேரம் என்று நான் எழப் போனேன். அதற்குள் பக்கத்தில் அம்மா எழுந்துவிட்டார். ஆறு நாள் பட்டினியில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"என் தம்பிங்க" என்றார். பிறகு, மேளம் இல்லாத அந்த அமைதியில் இன்னும் உரக்க, "என் கூடப் பொறந்த தம்பி. கொஞ்சம் பொறுங்க, அவன் செஞ்சிருவான்."

தலைவர் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார். கூட்டத்திலிருந்து யாரோ, "மெதுவா செய்யட்டும் லா தலைவரே" என்றார்கள். லாரியின் மேல் மாமா நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். முடிச்சு அவிழ்ந்தது. குச்சியைத் தலைத்துண்டின் மடிப்பில் செருகிக்கொண்டார். எழுந்து மாங்கிளையை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். வேல் வந்து பட்டது. மயில்தோகையும் சேவலும் வெளியே வந்தன. பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகிறவள் சொல்கிறேன், அதுபோல ஒரு முழக்கத்தை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அதற்கு நாலாம் நாள் காலை கூடு பிளந்தது. ஈரச் சிறகோடு பூச்சி வெளியே வந்து மாமாவின் விரலில் ஏறி உட்கார்ந்ததையும், அது காயும் வரை அவர் கையை ஆட்டாமல் இருந்ததையும் நான் வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன்.

ஆனால் சூரசம்ஹாரத்தன்று வண்டியில் வீடு திரும்பியபோது நான் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாமா கோயில் வாசலிலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஊர் பார்க்க அம்மா அங்கேயே ஏறிக்கொண்டார், வழியெல்லாம் அழுதுகொண்டும் வந்தார். பசியில் அழுகிறார் என்று நினைத்தேன். சாப்பிட்டால் சரியாகிவிடும். எனக்கிருந்த ஆத்திரம் சாப்பிட்டால் தீரக்கூடியதா? அத்தனை முறை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மாமா யார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியவள் நான். எழுந்து நின்று அதை அம்மா சொல்லிவிட்டார்.