செசிலியின் கல்லறைக் கல்லில் ஓர் இத்தாலியப் பெயர்

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அதற்குள் என் மனைவி செசிலிக்குக் கல் பதித்துவிட வேண்டும் என்று அக்டோபர் கடைசியில் மதுரையிலிருந்து பெரியதாழைக்குப் போனேன். அது அவள் பிறந்த கடலோர ஊர். அவள் விரும்பியபடி அங்கேதான் அடக்கம் செய்திருந்தோம்.

வழியில் தூத்துக்குடியில் கல் வெட்டுபவர், "முழுப்பேரு சொல்லுங்க அண்ணாச்சி" என்றபோது தயங்கினேன். அவள் பிறந்த வீட்டுப் பெயர் எஸ்போசித்தோ. போர்த்துக்கீசியப் பெயர்கள் இந்தக் கரையில் தெருவுக்குத் தெரு உண்டு. இது இத்தாலியப் பெயர். இத்தாலியக் கப்பல் கேப்டன் ஒருவரின் வம்சம் என்று அவள் வீட்டில் சொல்வார்கள். சரித்திரம் கற்பித்தவன் என்பதால் அகராதிகளைப் புரட்டினேன். 'வெளியே விடப்பட்ட பிள்ளை' என்று பொருள். பெற்றவர்கள் கோயில் வாசலில் விட்டுப்போன குழந்தைகளுக்கு அந்த நாட்டில் வைத்த பெயராம். நான் தவறாகப் படித்திருக்கவும் கூடும். சரி என்றால், அதையா அவள் தலைமாட்டில் வெட்டுவது? அவள் தம்பி சூசையிடம் எப்படிச் சொல்வது?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். ஆறுமுகநேரியில் உப்பளங்கள் மழைநீரில் மூழ்கிக் கிடந்தன. திருச்செந்தூரில் பெரியதாழைக்கு ஆட்டோ பிடித்தேன், அறுநூறு ரூபாய். "இந்த மழையில அங்கன என்ன அண்ணாச்சி இருக்கு?" என்றார் ஓட்டுநர்.

கல்லறைத் தோட்டத்தில் சூசை அக்காவின் குழிமேட்டுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். பெயரின் பொருளை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். அவன் சிரித்துவிட்டான்.

"இதுக்கா அத்தான் இம்புட்டுத் தூரம் வந்திய? எங்களுக்கெல்லாம் தெரியும். அக்காவுக்குந் தெரியும்."

"அப்படியானால் கேப்டன்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒங்க அம்மா, 'என்ன வம்சம்'னு கேட்டாவல்லா? அன்னைக்குத்தான் எங்கப்பா அவரைக் கப்பல்ல ஏத்துனாரு."

பிறகு சிரிப்பில்லாமல் சொன்னான். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையை ஏந்தும் ஞானத்தகப்பன் தன் குடும்பப் பெயரைக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். கோயில் வாசலில் கிடந்த ஒரு பிள்ளையை ஏந்த ஊரில் யாரும் முன்வரவில்லை. அப்போது கோயிலில் இருந்த இத்தாலியச் சாமியார் தன் நாட்டு வழக்கப்படி இந்தப் பெயரை வைத்தார். அந்தப் பிள்ளையின் வழிவந்ததுதான் இவர்கள் குடும்பம்.

"அதனால ஏந்த ஆளில்லாத பிள்ளைன்னா எங்க வீட்டு ஆளுதான் போய் நிக்கும். அக்கா எத்தனை தடவை மதுரையிலருந்து பஸ் ஏறி வந்திருக்கா! சொந்தக்காரப் பிள்ளைன்னு ஒங்ககிட்ட சொல்லியிருப்பா."

அப்படித்தான் சொல்லியிருந்தாள். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள், என் அம்மா காலமான பிறகும் அந்தக் கேப்டனை எனக்காக உயிரோடு வைத்திருந்தாள்.

இந்தப் பருவத்தில் போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள். பூவும் மெழுகுவர்த்தியும் திருச்செந்தூரிலேயே வாங்கிவிடுங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்வது நல்லது. அங்கே வேறு வண்டி கிடைப்பது கடினம்.

திரும்பும் வழியில் கல் வெட்டுபவரை அழைத்து, முழுப்பெயரையும் போடச் சொன்னேன்.

"பேரு நீளமால்லா இருக்கு. கீழ 'இன்னார் மனைவி'ன்னு ஒங்க பேரு வரணும், எடம் பத்தாது அண்ணாச்சி."

"என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றேன்.