புஷ்பத்தக்காவின் நேர்த்திச் சேவல்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் புஷ்பத்தக்காவிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். பெல்மதுளைக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருசம் கொழுந்தெடுத்தவர். அடுத்த காம்பராவில் இருக்கும் நானே அவரோடு அதிகம் பேசியதில்லை. அவர் கோழிகளைத் திட்டுவதுதான் சுவர் வழியே கேட்கும்.

மகள் தர்மிளா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, அவள் நல்லபடியாகத் திரும்பினால் முனியாண்டிக்குச் சேவல் அறுப்பதாக அக்கா நேர்ந்திருந்தார். 2004இல் தர்மிளா வந்துவிட்டாள். பூசைக்கு இரண்டு வாரம் இருந்தது; அதற்கென்றே வளர்த்த சேவல் அக்காவின் கூட்டில் நின்றது. சாமிக்கு நேர்ந்த சேவலில் குறை இருக்கக்கூடாது. நேர்த்தி தவறினால் மகள் தலையில் விடியும் என்று அக்காவுக்குப் பயம்.

அப்போதுதான் அக்காவின் கொழுந்தன் அழகமுத்து எம்பிலிப்பிட்டியச் சந்தையில் இரண்டு சேவல் வாங்கி வந்தார். லயத்துக்குப் பின்னால் இருந்தது அக்காவின் கூடு ஒன்றுதான். புதுசை ஒரு கிழமை கூடை போட்டுக் கவிழ்த்து வை, பழசு பார்த்துப் பழகட்டும் என்று சொல்லிவிட்டு அக்கா கொழுந்தெடுக்க மலைக்குக் கிளம்பினார்.

"கோழிக்கும் பொண்ணு பார்க்கிற சடங்கா, மதினி?" என்று அழகமுத்து சிரித்தார்.

அக்காவின் தலை மறைந்ததும் இரண்டையும் கூட்டுக்குள் தள்ளிவிட்டார். பீலியடியில் விழும் தண்ணீரில் சட்டி கழுவிக்கொண்டிருந்த நான் ஓடி வருவதற்குள், இரண்டும் சேர்ந்து நேர்த்திச் சேவலை மூலையில் மடக்கியிருந்தன. அதன் இடது கண் போயிருந்தது. ஊனப்பட்டது ஆகாது என்று பூசாரி கையை விரித்தார்.

அன்று மாலை அக்கா நேரே கூட்டுக்குப் போனார். அழகமுத்துவின் சேவல்களில் பெரியதைப் பிடித்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து அதன் காலில் கட்டினார். கட்டிவிட்டால் அது சாமியுடையது.

"அது என் சேவல், மதினி."

"அவுத்துக்க. முனியாண்டிக்கு நீயே பதில் சொல்லிக்க."

அழகமுத்து குனிந்தார். துணிவரை போன கை திரும்பி வந்தது. மறுநாள் காலை தோட்டத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டி வந்தார். தலைவர் துணியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு நேரமாகிறதென்று போய்விட்டார்.

பூசை வரை அந்தச் சேவல் அக்காவின் கூடைக்குள் இருந்தது. ஒவ்வொரு வேளையும் திட்டிக்கொண்டேதான் தீனி வைத்தார்.

பூசையன்று அறுத்துக் கறி ஆக்கினார்கள். தர்மிளா சித்தப்பா வீட்டுக்கென்று ஒரு கிண்ணத்தில் அள்ளி வைத்தாள். அக்கா அதை வாங்கித் திரும்பச் சட்டியில் கொட்டினார்.

"குடுத்தவனுக்குத்தான் பங்கு. அவன் குடுக்கல, நான் எடுத்தேன்."