ஆட்டம்மைக்கு எத்தனை காது?

பக்ரீத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் பின்பக்கம் இரண்டு ஆடுகள் வந்து நின்றன. மூன்றாம் மாடி மீரான் பாய் வாங்கியவை. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர்.

மறுநாள் காலை என்னைப் பிடித்தார். நான்தான் சொசைட்டி செகரட்டரி — வேறு யாரும் நிற்காததால் ஜெயித்தவன்.

“அண்ணாச்சி, ஒரு ஆட்டுக்கு உதட்டுல கொப்புளமா இருக்கு. மத்தத தள்ளிக் கட்ட எடம் வேணும். அதுக்கும் ஒட்டிட்டுன்னா குர்பானி குடுக்க முடியாதுல்லா... குறையில்லாத ஆடா இருக்கணும்.”

“நோட் பண்ணிண்டேன் பாய். கமிட்டில பேசிடறேன்.”

பேசினேனா? வாட்ஸ்அப் குரூப்பில் தண்ணீர் டேங்க் சண்டை உச்சத்தில் இருந்தது. இரண்டு நாள் அதில் வீரமாகப் போரிட்டேன்.

மூன்றாம் நாள் சான்பாடாவிலிருந்து கால்நடை டாக்டரம்மா வந்தார். கொப்புள ஆட்டின் வாலைத் தூக்கிப் பார்த்தார்; அங்கேயும் கொப்புளம். ஆட்டம்மை. “மனுஷங்களுக்கு வராது, டென்ஷன் எடுத்துக்காதீங்க” என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாலு புத்தகம் படித்தவனாயிற்றே... “ஆட்டோட எதிர்ப்பு சக்தி என்ன பண்ணிண்டிருந்தது டாக்டர்?”

“இந்த வைரஸ் ரொம்ப சாலாக், படு தந்திரம் சார். உள்ள பூந்ததும் அந்த செல் ஒரு ரசாயனத்த அனுப்பி அக்கம்பக்கத்துக்கு ‘ஆபத்து’ன்னு கத்தும். அதைக் கேக்க மத்த செல்லுக்கெல்லாம் காது மாதிரி ரிசப்டர் இருக்கு. அதே ஜாடையில ஒண்ணு செய்ய வைரஸ்கிட்டயும் ஜீன் இருக்கு! என்னிக்கோ ஆடுமாடுகிட்டயே சுட்டதுன்னு சொல்றாங்க. அந்தப் பொய்க்காத வெளிய விட்டுடும். கத்தினதெல்லாம் அதுலயே ஒட்டிக்கும். பக்கத்து செல்லுக்கு ஒண்ணும் போய்ச் சேராது.”

“அடேயப்பா, என்ன அயோக்கியத்தனம்!” என்றேன், மனதார.

டாக்டர் பாய் பக்கம் திரும்பினார். “கொப்புளத்தைப் பாத்த அன்னிக்கே ரெண்டையும் பிரிச்சிருக்கலாமே? யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னேம்மா” என்றார் பாய், என்னைப் பார்த்தபடி. “அண்ணாச்சி நோட் பண்ணிக்கிட்டாவ.”

யோசித்துப் பாருங்கள். நான் செவிடனாக இருந்திருந்தால் மனிதர் வேறு யாரிடமாவது போயிருப்பார். கேட்டுக்கொண்டேனே — அதுதான் வினை! ஆபீஸ், பேங்க், வீடு என்று நாம் எத்தனை பேர் இப்படித் தலையாட்டிப் பிழைக்கிறோம்?

பத்தே நிமிஷத்தில் என் கார் தெருவுக்குப் போனது. நல்ல ஆடு என் பார்க்கிங்குக்கு வந்தது. கமிட்டி கூடவில்லை, தீர்மானமும் இல்லை. அதன்பின் தினமும் காலையில் மொபைல் டார்ச்சுடன் நான் ஆட்டின் உதட்டைப் பார்க்க, என் மனைவி பால்கனியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

பக்ரீத் காலை. தொழுகை முடித்துவந்த பாய், தேவ்நார் அறுப்புக்கூடத்துக்கு டெம்போவில் ஏற்றும்முன் ஆட்டின் உதட்டை, காதை, வாலடியைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கொப்புளம்கூட இல்லை.

“அப்பாடா, தப்பிச்சுது!” என்றேன்.

“ஆடு எங்க தப்பிச்சுது?” என்றார் பாய். “தப்பிச்சது நீங்கல்லா அண்ணாச்சி!”